மூன்றாவது பாட்டிலுக்கு இடமில்லை

தங்கை கணவர் பொள்ளாச்சியிலிருந்து வந்து ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தார். ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மச்சான், ரெண்டு லிட்டருக்கு மேல கொண்டுபோனா வரி கட்டணும். மூணு பாட்டில் வாங்கினா நூறு மில்லி கூடிருது. எந்த ரெண்டை எடுக்கறதுன்னு நீங்களே சொல்லிருங்க."

கணக்கு சரிதான். இங்கே விஸ்கி பாட்டில் 700 மில்லி. மூன்று சேர்ந்தால் 2,100. நான் அவருக்குச் சொல்லி வைத்திருந்ததோ மூன்று: கிளென்மோரஞ்சி ஒரிஜினல், பல்வேனி டபுள்வுட் 12, கிளென்ஃபார்க்லாஸ் 15. ஒன்றைக் கழிக்க வேண்டும். "நல்லது எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் மூன்றுமே நல்லவைதான். அவருக்கு எதற்காக வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் பதில். கேட்டேன். "குடிச்சுத் தீக்கறதுக்கு இல்ல மச்சான். இந்த மரம் மரம்ங்கறீங்களே, அது என்னன்னு நாக்குக்குத் தெரியணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இந்த ஒப்பீடு முழுவதும்.

மரம் என்று நான் சொன்னது ஓக் மரத்தை. ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், குறைந்தது மூன்று ஆண்டு கிடந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2009-இல் வந்த விதிமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. வேறு மரம் ஆகாது. வடிகலத்திலிருந்து இறங்கும் சாராயம் தண்ணீர்போல நிறமில்லாமல், முளைகட்டிய தானியமும் பச்சைப் பேரிக்காயும் கலந்த மணத்தோடு இருக்கும். அதைப் பெரும்பாலும் ஆல்கஹால் 63.5 விழுக்காட்டுக்கு இறங்கும்படி தண்ணீர் சேர்த்துப் பீப்பாயில் ஊற்றி அடைக்கிறார்கள். பொன்னிறமும் வெனிலாவும் உலர்திராட்சையும் துவர்ப்பும் அதற்குப் பிறகு மரம் கொடுப்பவை. அந்தப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்பதுதான் இந்த மூன்று பாட்டில்களையும் பிரிக்கிறது. கிளென்மோரஞ்சி ஒரிஜினல், போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் வளர்ந்தது. கிளென்ஃபார்க்லாஸ் ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் வளர்ந்தது. பல்வேனி டபுள்வுட் இரண்டிலும் கிடந்தது.

ஐலா தீவு விஸ்கிகளை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். ஆனால் பார்லியை உலர்த்த எரிக்கும் பீட் என்ற சதுப்புநில மக்கு மண்ணின் புகை அடுப்படிப் புகைபோல எல்லாவற்றின் மேலும் படிந்துவிடும். புதிதாகப் பழகுபவருக்கு அதன் அடியில் இருக்கும் மரம் தெரியாது.

இரண்டு விஷயங்களை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒன்று, நிறம். கறுத்த விஸ்கிதான் நல்ல விஸ்கி என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தார். நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிய கேரமல் சாயம் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஜெர்மனியில் அப்படிச் சேர்த்ததை லேபிளில் சொல்லியாக வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே கடை அலமாரியில் நிறத்தைப் பார்த்துப் பீப்பாயைக் கணிக்க முடியாது. இரண்டு, வயது. லேபிளில் 12 என்றால் உள்ளே இருப்பதில் மிக இளையதுக்கு 12 என்று பொருள். எத்தனை ஆண்டு கிடந்தது என்பது தெரிகிறது, எந்தப் பீப்பாயில், அந்தப் பீப்பாய் எத்தனையாவது முறையாக நிரப்பப்பட்டது என்பது தெரிவதில்லை. பீப்பாய் தேநீர்த் தூள் மாதிரி. முதல் கொதியில் இறங்கும் சாரம் மூன்றாம் கொதியில் இறங்காது. ஊர் வெப்பமும் கணக்கில் வரும். ஸ்காட்லாந்துக் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிப் போகிறது; பெங்களூரில் அது 10 விழுக்காட்டைத் தாண்டும். அதனால்தான் அங்கே நான்கைந்து ஆண்டிலேயே மரம் நன்றாக ஏறிவிடுகிறது.

சரி, கிளென்மோரஞ்சி. ஸ்காட்லாந்தின் வடக்கில், டெய்ன் என்ற சின்ன ஊரில் 1843-இல் தொடங்கியது. ஜின் வடித்துக்கொண்டிருந்த பழைய கலங்களை வாங்கி வந்து ஆரம்பித்தார்கள். அந்த உயரமான வடிவத்தையே இன்றுவரை வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்திலேயே மிக உயரமான வடிகலங்கள் இவைதான், சுமார் 8 மீட்டர். கலம் உயரமாக இருந்தால் கனமான ஆவி மேலே ஏற முடியாமல் குளிர்ந்து திரும்ப விழுந்துவிடும். லேசானது மட்டும் தாண்டிப் போகும். அதனால் இதன் சாராயம் மெல்லியது, பூவும் ஆரஞ்சுத் தோலும் போல மணப்பது. மெல்லிய சாராயத்தில் மரம் ஒளிந்துகொள்ள இடமில்லை. 2024-இல் பத்தாண்டு ஒரிஜினலை எடுத்துவிட்டுப் பன்னிரண்டாண்டு ஒரிஜினலைக் கொண்டுவந்தார்கள். 40 விழுக்காடு.

போர்பன் பீப்பாய் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு அமெரிக்கச் சட்டம் காரணம். போர்பனைப் புதிய, உள்ளே தீயால் கரித்த ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தினால் அடுத்த போர்பனுக்கு அது உதவாது. அப்படிக் கழிந்த 200 லிட்டர் பீப்பாய்கள் அட்லான்டிக்கைத் தாண்டி இங்கே வருகின்றன. கிரெய்கெல்லாகி ஊரில் ஸ்பேசைடு பீப்பாய்ப் பட்டறை இருக்கிறது. 1947-இலிருந்து நடக்கிறது. மாடத்தில் நின்று வேலையைப் பார்க்கலாம் என்பதால் மாப்பிள்ளையை அங்கே அழைத்துப் போயிருந்தேன். ஆணி இல்லை, பசை இல்லை; பலகைகளை இரும்பு வளையம் இறுக்கிப் பிடிக்கிறது, மூடிப் பலகை இடுக்குகளில் காய்ந்த நாணல் வைத்து அடைக்கிறார்கள். பழைய பீப்பாயின் உட்புறம் கரி பாளம் பாளமாக வெடித்து முதலைத் தோல்போல இருந்தது. தீ பட்ட இடத்துக்குச் சற்று உள்ளேதான் விஷயம் நடக்கிறது. மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின் உண்டாகிறது. மரச் சர்க்கரை பாகாகிறது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் அதிகமாக இருக்கும் இன்னொரு சேர்மத்துக்கு விஸ்கி லாக்டோன் என்றே பெயர். அதன் மணம் தேங்காய்.

இதை நான் மாப்பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று மாலை மேஜையில் கிளென்மோரஞ்சியை முகர்ந்துவிட்டு அவராகவே நிமிர்ந்து பார்த்தார். "கொப்பரைக் களத்துல வெயில் ஏறினதுக்கப்புறம் ஒரு வாசம் வரும் பாருங்க, அது இருக்கு இதுல." நான் இருபது வருடமாக இதற்குத் 'தேங்காய்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதுதான் சரி. பச்சைத் தேங்காய் இல்லை, பால் இல்லை. எண்ணெய் கசியத் தொடங்கிய கொப்பரை. கூடவே வெனிலா, தேன், கடைசியில் லேசான ஆரஞ்சு. விழுங்கிய பிறகு வாய் சுத்தமாகிவிடுகிறது. நாக்கில் பிடிப்பு எதுவும் இல்லை. இதன் குறை என்றால் அதுதான். மூன்றில் மிகச் சீக்கிரம் மறைவது இது. சோடாவில் ஊற்றிக் குடிக்கப் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். சில்லென்று குடித்தாலும் அந்த ஆரஞ்சு தாங்கும்.

கிளென்ஃபார்க்லாஸ் இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில், பாலிண்டாலோக் பக்கம், 1836-இலிருந்து இருக்கும் வடிசாலை. 1865-இல் ஜான் கிராண்ட் வாங்கினார். இன்றும் அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்கும் இந்தத் தொழிலில் அது சாதாரண விஷயம் இல்லை, அதற்காகவே எனக்கு இவர்கள்மேல் ஒரு தனி மரியாதை. பெரும்பாலான வடிசாலைகள் நீராவிச் சுருளுக்கு மாறிவிட்ட பிறகும் இவர்கள் கலத்தின் அடியில் நேரடியாக நெருப்பு வைக்கிறார்கள். அடிப்பிடிக்கும் அளவுக்குப் போகும் அந்தச் சூட்டில் சாராயம் கனமாக இறங்குகிறது. கனமான சாராயத்தால்தான் ஷெர்ரி பீப்பாயைத் தாங்க முடியும்.

ஷெர்ரி பீப்பாயின் கதையைத் தெரிந்துகொண்டு குடித்தால் நல்லது. ஒரு காலத்தில் ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதியிலிருந்து ஷெர்ரி பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலில் வந்தது. ஒயினை இங்கே பாட்டிலில் அடைத்த பிறகு மிஞ்சும் காலிப் பீப்பாயை விஸ்கிக்காரர்கள் மலிவாக வாங்கினார்கள். 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றுபோனது. அன்றிலிருந்து விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, ஒன்றரை இரண்டு ஆண்டு ஒலோரோசோ ஷெர்ரி ஊற்றிவைத்துப் பழக்கி, பிறகு இங்கே அனுப்புகிறார்கள். ஊறுகாய் ஜாடியைப் பழக்குவது மாதிரி. 500 லிட்டர் கொள்ளும் அந்தப் பெரிய பீப்பாய்க்குப் போர்பன் பீப்பாயைவிடப் பல மடங்கு விலை. கிளென்ஃபார்க்லாஸ் மற்ற இரண்டையும்விடக் கூடுதல் விலையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதினைந்து ஆண்டும், 46 விழுக்காடு வீரியமும் மற்ற காரணங்கள். இதில் சாயம் சேர்ப்பதில்லை. கண்ணாடியில் தெரியும் செம்பழுப்பு முழுவதும் மரமும் ஒயினும் கொடுத்தது.

முகர்ந்தால் உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிப் பாகு. பின்னால் கிராம்பு. ஐரோப்பிய ஓக்கில் யூஜெனால் கூடுதலாக இருக்கும். நம் அஞ்சறைப் பெட்டிக் கிராம்பின் மணமும் அதே யூஜெனால்தான். வாயில் வைத்தால் முதலில் இனிப்பு. அப்புறம் கன்னத்தின் உட்புறம் மெல்ல இழுத்துப் பிடிக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் 'காய்ந்த முடிவு', 'டானின்' என்றெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே அதற்குப் பெயர் இருக்கிறது: துவர்ப்பு. நாவற்பழம் தின்று, பாக்கு மென்று வளர்ந்த நாக்குக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவாக இருந்தால் இனிப்பைத் திகட்டவிடாமல் நிறுத்துகிறது. அளவு மீறினால் மூன்றாவது மடக்கில் வாய் மரத்துப்போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும். கிளென்ஃபார்க்லாஸ் 15 அந்த எல்லைக்கு இந்தப்பக்கமே நிற்கிறது. சில ஷெர்ரி விஸ்கிகளில் தீக்குச்சி உரசிய நெடியும் வரும். பீப்பாய் கெடாமலிருக்கக் கந்தகம் கொளுத்துவதால் வருவது. பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், சிலருக்குத் தெரியவே தெரியாது.

பல்வேனி டபுள்வுட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டஃப்டவுனில், தங்கள் பார்லியில் ஒரு பகுதியை இன்றும் தரையில் பரப்பி முளைகட்டும் வடிசாலை. அமெரிக்க ஓக்கில் 12 ஆண்டு வைத்துவிட்டு, ஒலோரோசோ ஷெர்ரி பீப்பாயில் 9 மாதம் மாற்றி வைக்கிறார்கள். 1962-இல் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்த டேவிட் ஸ்டூவர்ட் உருவாக்கிய முறை இது. டபுள்வுட் 1993-இல் வந்தது. இன்று ஒவ்வொரு வடிசாலையும் பீப்பாய் மாற்றுவது பற்றிப் பேசுகிறதென்றால் அவர்தான் அதற்குத் தொடக்கம். தேன், வெனிலா, மேலே ஒரு கைப்பிடி உலர்திராட்சை. உருண்டையாக, முள்ளே இல்லாமல் இருக்கும். 40 விழுக்காடு. கூட்டமாக உட்காரும் இடத்தில் ஒரே ஒரு பாட்டில் வைக்கலாம் என்றால் யோசிக்காமல் இதை வைப்பேன். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மேஜையில் மூன்றையும் வைத்தபோது மாப்பிள்ளை முதல் மடக்கிலேயே கை காட்டியதும் இதைத்தான். "இதுதான் மச்சான், வேற பேச்சே இல்ல."

ஆனால் முதல் மடக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அன்று நாங்கள் சுவைத்த முறையைச் சொல்கிறேன். வண்டி ஓட்டியது நான் என்பதால் வழியில் பார்த்த வடிசாலையில் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. ஸ்காட்லாந்தில் 2014-க்குப் பிறகு, வண்டி ஓட்டுபவர் உடலில் இருக்கக்கூடிய மதுவின் வரம்பு இங்கிலாந்தைவிடக் கடுமை. வடிசாலையில் ஓட்டுநருக்குத் தனியாகச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்கார்ந்தோம். வயிறு காலியாக இருக்கக் கூடாது, வாயில் மசாலாவும் இருக்கக் கூடாது. வாய் குறுகி அடி பருத்த கிளென்கெய்ன் கண்ணாடிகள். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லி, அதற்கு மேல் இல்லை. வரிசை: போர்பன் முதலில், ஷெர்ரி கடைசியில். துவர்ப்பு நாக்கில் படிந்துவிட்டால் அதற்குப் பின் வரும் மெல்லிய விஸ்கி வெறும் தண்ணீராகத் தெரியும்.

மூக்கைக் கண்ணாடிக்குள் விட்டு இழுக்கக் கூடாது. வீரியம் ஏறி மூக்கு மரத்துவிடும். வாயை லேசாகத் திறந்துவைத்துக்கொண்டு விளிம்புக்கு மேலே முகர்ந்தால் போதும். பத்தில் ஒன்பது பேர் செய்யாத இன்னொன்று, வீரியத்தைச் சமன் செய்வது. 46-ஐயும் 40-ஐயும் அப்படியே ஒப்பிட்டால் 46 எப்போதும் ஜெயிக்கும், கூடுதல் வீரியம் கூடுதல் சுவைபோலத் தோன்றும். 15 மில்லி கிளென்ஃபார்க்லாஸில் இரண்டேகால் மில்லி தண்ணீர், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகச் சேர்த்தால் அதுவும் 40-க்கு வந்துவிடும். தண்ணீர் சேர்த்தால் விஸ்கி கெட்டுவிடும் என்பது வீண் பயம். கலப்பு அறையில் வேலை செய்கிற நிபுணர்களே 20 விழுக்காடு அளவுக்கு இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். 2017-இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் இருவர் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள்: தண்ணீர் சேரும்போது குவாயகால் போன்ற மண மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகின்றன. மூக்கு அங்கேதானே இருக்கிறது.

அப்புறம் உள்ளங்கை. மூன்று சொட்டு ஊற்றித் தேய்த்து, காயவிட்டு, கையை முகத்தருகே கொண்டுவந்தால் சாராய நெடி பறந்துபோய்த் தானியமும் மரமும் மட்டும் இருக்கும். மாப்பிள்ளை வலது கையில் கிளென்மோரஞ்சியும் இடது கையில் கிளென்ஃபார்க்லாஸும் தேய்த்துக்கொண்டு மாறி மாறி முகர்ந்தார். பிறகு மூன்றாவதாகப் பல்வேனியை எங்கே தேய்ப்பது என்று யோசித்து என் கையை நீட்டச் சொன்னார். முகர்ந்தார். திரும்பத் தன் இரண்டு கைகளையும் முகர்ந்தார். "இதுல ரெண்டுமே இருக்கு. ஆனா முன்னாடி அந்த ரெண்டையும் பார்க்கலைன்னா ரெண்டு இருக்குன்னே தெரிஞ்சிருக்காது."

என் தீர்ப்பும் அதுதான். மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டு ஓரங்களையும் எடுத்துக்கொண்டு நடுவில் இருப்பதை விட வேண்டும். நடுவில் இருப்பது இனிமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு மரமும் ஒன்றோடொன்று கரைந்திருக்கும் அந்த இனிமையில் எது எங்கிருந்து வந்தது என்று பழகாத நாக்கால் பிரிக்க முடியாது. ஓரங்கள் தெரிந்துவிட்டால் நடுவில் எதைக் கொடுத்தாலும் பிரித்துவிடலாம். இதை எதிர்த்து ஒரு நியாயமான வாதம் உண்டு: இந்த இரண்டும் வேறு வேறு வடிசாலைகள், வேறு வேறு கலங்கள், வித்தியாசம் முழுவதையும் மரத்தின் கணக்கில் எழுத முடியாது. உண்மை. கிளென்மோரஞ்சியிலேயே போர்பன் ஒன்றும், ஷெர்ரி பீப்பாய்க்கு மாற்றிய லசாண்டா ஒன்றும் வாங்கினால் ஒப்பீடு இன்னும் துல்லியமாகும். ஆனால் லசாண்டாவும் பாதி வழியில் பீப்பாய் மாறியதுதான். முழு ஷெர்ரியின் துவர்ப்பு எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. எனக்கு இந்த இடத்தில் துல்லியத்தைவிட அந்தத் துவர்ப்பு முக்கியம்.

பரிசாகக் கொடுக்க ஒரே ஒரு பாட்டில் என்றால் கிளென்ஃபார்க்லாஸ். செலவைப் பார்க்க வேண்டும் என்றால் கிளென்மோரஞ்சி.

இரவு கண்ணாடிகளைக் கழுவ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் காபிக்கு முன்னால் மாப்பிள்ளை சமையலறையில் நின்றுகொண்டு ஒவ்வொரு காலிக் கண்ணாடியையும் முகர்ந்துகொண்டிருந்தார். விஸ்கி காய்ந்துபோன கண்ணாடியில் மிஞ்சுவது மரம்தான். கிளென்மோரஞ்சி கண்ணாடியில் வெனிலாவும் அந்தக் கொப்பரையும். கிளென்ஃபார்க்லாஸ் கண்ணாடியில் பழைய தேக்குப் பீரோவைத் திறந்தால் வரும் வாசம், அதன் உள்ளே யாரோ உலர்திராட்சை வைத்து மறந்த மாதிரி. பல்வேனி கண்ணாடியை இரண்டு முறை எடுத்து வைத்தார். "தேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இதை விட்டுட்டுப் போக மனசு வரல மச்சான்" என்றார்.

அப்போதுதான் கணக்கை மறுபடி பார்த்தேன். இரண்டு பாட்டில் 1,400. இன்னும் 600 மில்லிக்கு இடம் இருக்கிறது. டபுள்வுட் 50 மில்லிச் சின்னப் பாட்டிலிலும் கிடைக்கிறது. நான்கு வாங்கினோம். அவர் அவற்றை வேட்டி மடிப்புகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகச் செருகிவைத்துப் பெட்டியை மூடினார்.